சாவி கைக்கு வந்த ஆண்டு

கேள்வி கேட்டவருக்கு வயது 31. அவருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஐந்து பிள்ளைகளை வளர்த்து, 1969ஆம் ஆண்டு சிங்கப்பூரின் தோ பாயோவில் மூவறை வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கி, கடன் இல்லாமல் கண்ணை மூடினார். பெரியப்பா 1988இல் வீடு வாங்கியவர். இன்று வசதியாக இருக்கிறார். அப்பா 1996இல் ஐந்தறை வீடு வாங்கி, 2003இல் நட்டத்துக்கு விற்றுவிட்டு, பாட்டியோடு அதே தோ பாயோ வீட்டுக்குத் திரும்பி வந்தார். 61 வயதில் பாதுகாவலராக 12 மணி நேர வேலை பார்க்கிறார். "தாத்தாவின் சிக்கனம் எனக்கு வந்தது, தம்பிக்கு வரவில்லை என்று பெரியப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறார். அது உண்மையா? எங்கள் தலைமுறையின் நிலை என்ன?" என்பது அவருடைய கேள்வி.

உண்மை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டுக் கடன் கோப்புகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் பெரியப்பாவின் கோப்பைப் போலவும் உங்கள் அப்பாவின் கோப்பைப் போலவும் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இரண்டு வகைக் கோப்புகளுக்கும் பெரிய வேறுபாடு முதல் பக்கத்தில் இருக்கும் தேதிதான். உங்கள் பெரியப்பாவும் அப்பாவும் ஒரே தலைமுறை, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், கூடத்தையும் சேர்த்து மூவறை என்று எண்ணப்படும் ஒரே இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரே சோற்றைப் பகிர்ந்து வளர்ந்தவர்கள். எட்டு ஆண்டு இடைவெளியில் வீடு வாங்கினார்கள் என்பதைத் தவிர, அவர்களைப் பிரித்துப் பேச எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. அதனால், தலைமுறை என்ற சொல்லை இந்த விஷயத்தில் நான் அதிகம் நம்புவதில்லை. எந்த ஆண்டில் சாவி கைக்கு வந்தது, அதற்கு அடுத்த பத்தாண்டில் வேலை இருந்ததா என்று கேட்பதே சரியான கேள்வி.

இது ஏன் சிங்கப்பூரில் இவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். வேறு நாடுகளில் குடும்பத்தின் செல்வம் நிலம், பங்குச் சந்தை, ஓய்வூதியம் என்று பல வாய்க்கால்களில் பிரிந்து ஓடும். இங்கே பெரும்பாலான உழைக்கும் குடும்பங்களுக்கு இரண்டே வாய்க்கால்கள்: மத்திய சேமநிதி, வீவக வீடு. சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேர்க்கப்படும் இந்தச் சேமநிதி 1955 ஜூலையில், முதலாளி 5 விழுக்காடு, தொழிலாளி 5 விழுக்காடு என்று தொடங்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் அமைந்தது. 1964இல் வீடுகளைச் சொந்தமாக விற்கத் தொடங்கியது. 1968இல் சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீட்டுக்கு முன்பணமும் மாதத் தவணையும் கட்டலாம் என்று அனுமதி வந்தபோது, இரண்டு வாய்க்கால்களும் ஒன்றோடு ஒன்று இணைந்துவிட்டன. அன்று முதல், நாட்டுப் பொருளியலின் ஒவ்வோர் ஏற்றமும் இறக்கமும் ஒரு குடும்பத்தை வந்தடைவது பெரும்பாலும் இரண்டு எண்கள் வழியாகத்தான்: அந்த ஆண்டின் சேமநிதி விகிதம், அந்த ஆண்டின் வீட்டு விலை. திருமணம் ஆகி, வயது முப்பதை ஒட்டும்போது நாம் எல்லாரும் அந்த இரண்டு எண்களின் முன்னால் போய் நிற்கிறோம். அவை அன்றைக்கு எவ்வளவு என்பது நம் கையில் இல்லை.

உங்கள் தாத்தாவின் காலத்தை எடுத்துக்கொள்வோம். 1964இல் குவீன்ஸ்டவுனில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி (இங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம்). கூலித் தொழிலாளிக்கும் எட்டும் விலையில் இத்தகைய வீடுகளைத் தொடர்ந்து விற்க முடிந்ததற்குக் கழகத்தின் திறமை மட்டும் காரணமன்று. 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் கம்பங்கள் எனப்படும் கிராமங்களையும் தோட்டங்களையும் சந்தை மதிப்புக்குக் கீழான இழப்பீட்டில் அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தது. வேறு யாரோ இழந்த நிலத்தின் விலை, உங்கள் தாத்தாவின் வீட்டு விலையில் சேராமல் போயிற்று. அதோடு, 1960களின் பிற்பகுதியிலிருந்து 1973 வரை நாட்டின் பொருளியல் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்துகொண்டிருந்தது. பிறகு 1973இலும் 1974இலும் எண்ணெய் நெருக்கடியால் விலைவாசி ஏறத்தாழ 20 விழுக்காடு வீதம் ஏறியது. அரிசி விலையைப் பார்த்துப் பாட்டி தலையில் கைவைத்திருப்பார். ஆனால் அதே பணவீக்கம் 1969இல் வாங்கிய கடனைக் கரைத்தது: கூலி ஏறிற்று, மாதத் தவணை அப்படியே நின்றது. வீட்டில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

சிக்கனம் என்று பெரியப்பா சொல்வதில் ஒன்றை மறந்துவிடுகிறார். அந்தத் தலைமுறையின் சேமிப்பில் பெரும்பகுதி சிங்கப்பூரில் தங்கவே இல்லை. தங்கைகளின் கல்யாணத்துக்கும் அடகு நிலத்தை மீட்கவும் ஊருக்குப் போயிற்று. ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1966 ஜூனில் இந்திய அரசாங்கம் ரூபாயின் மதிப்பை அமெரிக்க டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆகக் குறைத்தது, அதே ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ இரண்டரை ரூபாய் கிடைக்கலாயிற்று. அனுப்புகிறவருக்கு அது கொண்டாட்டம்தான். அதற்கு முன்பே அனுப்பி ஊரில் ரூபாயாகச் சேர்த்து வைத்தவருக்கோ, அந்தச் சேமிப்பு வெள்ளிக் கணக்கில் ஒரே நாளில் சுருங்கிவிட்டது.

இங்கேயே தங்கிய பணமும் எப்போதும் பத்திரமாக இருந்ததில்லை. 1973இல் ஜெமினி சீட்டு நிறுவனம் நொடித்தபோது, மாதாமாதம் சீட்டுக் கட்டி வந்த ஏராளமான குடும்பங்களின் பணம் அதோடு போயிற்று. என் தாயார் ஒரு நாற்பது பக்கப் பயிற்சிப் புத்தகத்தில் சீட்டுக் கணக்கு எழுதிவைப்பார். அந்த ஆண்டின் நடுவில் எழுத்து நின்று, மீதிப் பக்கங்களில் என் தங்கை படம் வரைந்திருக்கிறாள். என் தாயாருக்குச் சேமநிதிக் கணக்கே கிடையாது. வீட்டில் உழைத்த அந்தக் காலத்துப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. உங்கள் பாட்டிக்கும் இருந்திராது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாத்தாக்கள் எல்லாரும் வென்றதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், வென்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே இருந்து பேசுகிறார்கள் என்பது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. 1971இல் பெரும்பாலான படைகள் வெளியேறின. அந்தத் தளங்கள் நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பங்களித்தவை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் பலர். குடியுரிமை இல்லாதவர்களில் கணிசமானோர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார்கள். உங்கள் தாத்தாவோடு 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து, அவரளவு உழைத்து, அவரைவிடச் சிக்கனமாகவும் இருந்து, ஒரு குடியுரிமைத் தாள் இல்லாத காரணத்தால் இந்த வீட்டுக் கணக்குக்குள் நுழையாமலே போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தீபாவளிக்கு யாரையும் குறை சொல்ல இங்கே இல்லை.

இப்போது பெரியப்பாவுக்கு வருகிறேன். இதை எழுதும்போது என்னைப் பற்றியும் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அவர் வகைதான். 1984இல் சேமநிதி விகிதம் உச்சத்துக்குப் போயிற்று: முதலாளி 25, தொழிலாளி 25, ஆக சம்பளத்தில் பாதி. அடுத்த ஆண்டே பொருளியல் மந்தம் வந்தது. 1985 இறுதியில் பான்-எலக்ட்ரிக் நிறுவனம் நொடித்து, பங்குச் சந்தை மூன்று நாள் மூடிக் கிடந்தது. 1986இல் முதலாளியின் பங்கு 25இலிருந்து 10க்கு வெட்டப்பட்டது. என் சம்பளம் அப்போது 900 வெள்ளி. மாதம் 135 வெள்ளி என் கணக்கிலிருந்து காணாமல் போயிற்று. நாங்கள் புலம்பினோம். ஆனால் மந்தத்தின் இன்னொரு பக்கம் எங்களுக்குச் சாதகமாக இருந்தது. வீட்டு விலை ஏறவில்லை, தேவைக்கு மேல் வீடுகள் கிடைத்தன, முதலாளியின் பங்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் படிப்படியாகத் திரும்பி வந்தது.

அப்படித்தான் ஈசூனில் நாலறை வீட்டின் சாவி என் கைக்கு வந்தது. அதன்பின் நடந்தவற்றில் எதையும் நான் திட்டமிடவில்லை. 1989இல் நிரந்தரவாசிகளும் மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்றும், மறுவிற்பனைக்கு வருமான வரம்பு இல்லை என்றும் விதி மாறியது. 1993இல் மறுவிற்பனை வீட்டுக்கான கழகக் கடன், பழைய அரசு விலையை விட்டுச் சந்தை மதிப்பை ஒட்டிக் கிடைக்கத் தொடங்கியது. வாங்க வருபவர் கையில் பெரிய கடன் இருந்தால் விற்பவர் கேட்கும் விலையும் பெரிதாகும் அல்லவா? 1990இலிருந்து 1996க்குள் மறுவிற்பனை விலை மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. நான் 1995இல், வாங்கிய விலையைப் போல் மூன்று மடங்குக்கு விற்று, கழகத்திடமிருந்தே இரண்டாவது வீட்டைச் சலுகை விலையில் எடுத்தேன். அப்போது பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று மனைவி சொன்னதால்தான் விற்றோம். இன்று உறவினர் வீடுகளில் என்னை "விவரமானவர்" என்கிறார்கள். நானும் மறுத்துப் பேசுவதில்லை; உங்கள் பெரியப்பாவும் அப்படியே இருந்திருக்கலாம், தம்பியை மட்டும் குறை சொல்லாமல்.

உங்கள் அப்பா அந்த ஏணியின் உச்சியில் கால் வைத்தார். 1996 மே மாதத்தில் அரசாங்கம் வீட்டு ஊகவணிகத்தைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளை அறிவித்தது. 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்து ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியது. 1999 ஜனவரியில் முதலாளியின் சேமநிதிப் பங்கு 20இலிருந்து 10 விழுக்காடாக்கப்பட்டது. 2001இல் மின்னணுத் துறை சரிந்தது, 2003இல் சார்ஸ் நோய் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில், அதற்குள் 16க்கு மீண்டிருந்த முதலாளியின் பங்கு மறுபடியும் 13ஆகக் குறைந்தது. புது வீடுகளை முன்பதிவு முறையில் கட்டிக்கொண்டே போன கழகத்திடம், 2002 வாக்கில் விற்காத வீடுகள் மட்டும் 17,500 வரை தேங்கின. புது வீடு கேட்ட உடன் கிடைக்கும்போது பழைய வீட்டை யார் நல்ல விலைக்கு வாங்குவார்? 1996இன் உச்ச விலையை மறுவிற்பனைச் சந்தை மறுபடியும் எட்டப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. நெருக்கடி வந்தால் பொறுத்திருந்து விற்க வேண்டும் என்பது நல்ல அறிவுரைதான். ஆட்குறைப்புக் கடிதம் வந்தவருக்கு அது பயன்படாது.

அந்தக் காலத்துக் கோப்பு ஒன்றை, எண்களை முழுமைப்படுத்தி, இங்கே விரித்து வைக்கிறேன். 1996இல் வாங்கிய விலை 380,000 வெள்ளி. முன்பணம் 76,000, கடன் 304,000, தவணைக் காலம் 25 ஆண்டு, வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 1,600. ஏழு ஆண்டுகளில் கட்டியது 135,000 வெள்ளி. அதில் 78,000 வட்டிக்கே போய், அசலில் 57,000தான் குறைந்தது. 2003இல் விற்ற விலை 280,000. கடன் பாக்கி 247,000 போக மிஞ்சியது 33,000. அந்த 33,000மும் கையில் வராது. வீட்டுக்கு எடுத்த சேமநிதிப் பணத்தை, அது கணக்கிலேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டியோடு சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும் என்பது விதி. சந்தை விலைக்கு விற்றிருந்தால் குறைகிற தொகையைக் கையிலிருந்து கட்டத் தேவையில்லை, அவ்வளவுதான் ஆறுதல். ஆக, வட்டியை விட்டுவிட்டாலும், வீட்டுக்காக உள்ளே போட்டது 133,000, திரும்பியது 33,000. இதில் காப்பிக்கடைச் செலவோ, பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கோ எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தியக் குடும்பம் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. 1989 மார்ச்சில் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒரு புளோக்கில் சீனர் விகிதம் வரம்பைத் தொட்டிருந்தால், இந்திய உரிமையாளர் தம் வீட்டை இந்தியருக்கோ மற்ற சிறுபான்மை இனத்தவருக்கோதான் விற்க முடியும். இனங்கள் கலந்து வாழ வேண்டும் என்ற நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் செலவு எல்லார் தலையிலும் சமமாக விழவில்லை. வாங்குபவர் வட்டம் சுருங்கினால் விலையும் சுருங்கும், காத்திருப்பும் நீளும். சரிவுக் காலத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். விற்க முடியாமல் தவிக்கும் இத்தகைய உரிமையாளர்களிடமிருந்து, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கழகமே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. உங்கள் அப்பா விற்றது 2003இல்.

உங்கள் தலைமுறையைப் பற்றிக் கேட்டீர்கள். அதிலும் பிளவு தேதியிலேயே இருக்கிறது. 2013இன் நடுப்பகுதியில் உச்சம் தொட்ட மறுவிற்பனை விலை 2019 வரை மெல்ல இறங்கியது. அந்த ஆண்டுகளில் புது வீட்டின் சாவியை வாங்கியவர்கள், ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்து நிமிர்ந்தபோது, கொவிட் காலத்தில் கட்டுமானம் தடைபட்டு, விலை கிடுகிடுவென ஏறிக்கொண்டிருந்தது. 2024இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீவக வீடுகள் பத்து லட்சம் வெள்ளிக்கும் அதற்கு மேலும் கைமாறின. அந்தச் சாவிகளை வாங்கியவர்கள் உங்களைவிட நான்கைந்து வயதே மூத்தவர்கள். நீங்கள் இப்போது கழகத்தின் புது வீட்டுக்கான குலுக்கலில் நின்றால், 2024 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ள புதிய வகைப்பாட்டின்படி, நல்ல இடத்து வீடு பிளஸ் அல்லது பிரைம் வகையில் வரும். பத்தாண்டு அங்கே குடியிருக்க வேண்டும், விற்கும்போது மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். என்னைப் போல் 'சட்டென்று மூன்று மடங்கு' இனி அரிது. அது நியாயம் என்பதே என் கருத்து, என் பணம் ஏற்கெனவே பத்திரமாக இருப்பதால் இதைச் சொல்வது எனக்குச் சுலபம் என்றாலும்.

அதற்காக உங்கள் நிலை உங்கள் அப்பாவுடையதைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன். 2024இல் முழுநேர ஊழியர்களான குடியிருப்பாளர்களின் இடைநிலை மாத வருமானம், முதலாளியின் சேமநிதிப் பங்கோடு சேர்த்து, 5,500 வெள்ளி. முதல் வீடு வாங்கும் தம்பதிக்கு வருமானத்தைப் பொறுத்து 120,000 வெள்ளி வரை மேம்படுத்தப்பட்ட வீட்டு மானியம் உண்டு. கழகக் கடனின் வட்டி 2.6 விழுக்காடு. நெருக்கடி எங்கே என்றால், காத்திருக்க முடியாமல் மறுவிற்பனைச் சந்தைக்குப் போகிறவருக்கும், 35 வயது வரை பொறுத்தாக வேண்டிய தனியருக்கும், ஊரிலிருந்து வந்து நிரந்தரவாசம் பெற்று, மூன்றாண்டு கழித்தே மறுவிற்பனை வீடு வாங்க முடிகிற நம் புதிய குடும்பங்களுக்கும்தான். தங்கும் விடுதிகளில் இருக்கும் நம் ஊர்த் தொழிலாளர்களை இந்தத் தலைமுறைக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை. நானும் இந்த ஒரு வரியோடு நிறுத்துகிறேன்.

ஓய்வுக்காலத்திலும் இதே தேதிக் கணக்குத்தான். 1987இல் குறைந்தபட்சத் தொகைத் திட்டம் வந்தபோது சேமநிதியில் விட்டுவைக்க வேண்டியது 30,000 வெள்ளி. 2025இல் 55 வயதாகிறவருக்கான முழு ஓய்வுக்காலத் தொகை 213,000 வெள்ளி. அரசாங்கத்தின் கைகொடுப்பும் பிறந்த ஆண்டைப் பார்த்தே வருகிறது: 1949 அல்லது அதற்கு முன் பிறந்தவர்களுக்கு முன்னோடித் தலைமுறைத் தொகுப்பு, 1950களில் பிறந்தவர்களுக்கு மெர்டேக்கா தலைமுறைத் தொகுப்பு. 1964இல் பிறந்த உங்கள் அப்பா இரண்டிலும் வரமாட்டார். 2023இல் அறிவிக்கப்பட்ட மாஜுலா தொகுப்பு 1973 வரை பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டபோதுதான் அவர் வயதினரின் பக்கம் பார்வை திரும்பியது.

இனி வரப்போகும் இடைவெளி உங்களுக்கும் உங்கள் பெரியப்பா மகனுக்கும் இடையில். 2008 பிப்ரவரியிலிருந்து இங்கே மரணத்துக்குப் பிந்திய சொத்து வரி இல்லை. பிள்ளைப்பேறு விகிதம் 2023இல் 0.97க்கு இறங்கிவிட்டது. ஆகவே, ஒரே பிள்ளைக்கு இரண்டு பக்கத்துச் சொத்தும் முழுதாக வந்து சேரும் குடும்பங்கள் பெருகும். சொத்து இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு அப்படி எதுவும் வராது. 1988இன் சாவி இப்படித்தான் பேரப்பிள்ளை வரை வேலை செய்யும்.

உங்கள் பாட்டியின் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமை ஆகாது. 1969இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2068இல் முடிகிறது. 2025 கணக்கில் இன்னும் 43 ஆண்டு. 2019 மே மாதத்திலிருந்து உள்ள விதிப்படி, வாங்குபவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடித்தால்தான் சேமநிதியை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். 31 வயதான உங்களுக்கு அது 74 வயதிலேயே முடிந்துவிடும், எனவே உங்கள் சேமநிதிக்கு அங்கே வெட்டு விழும். பாட்டிக்குக் கைச்செலவு தேவைப்பட்டால், குத்தகையின் பிற்பகுதியைக் கழகத்திடமே விற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது; அதை ஐந்து பிள்ளைகளும் உட்கார்ந்து இப்போதே பேசுவது நல்லது. பிற்காலத்தில் உடன்பிறந்தோரின் பங்குக்கு ஈடு கொடுத்து ஒருவரே அந்த வீட்டை எடுத்துக்கொள்வதாக இருந்தால், குத்தகை அவருடைய 104 வயது வரை நீடிப்பதால், வயதுக் கணக்கு எந்த வகையிலும் தடையாக இராதவர்களில் உங்கள் அப்பாவும் ஒருவர். இந்த முறை அவருக்குத் தேதி ஒத்துவருகிறது.